இரவாட்டு எங்கே போனது? – திருத்தணிப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு வரலாறு

திருத்தணி என்றதும் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மலைமேல் இருக்கும் முருகன். அடுத்தது, வருடத்தின் நாட்களுக்கு ஒன்று வீதம் 365 படிகள். வரலாறு படிப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்கும். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888ல் பிறந்த ஊர் இது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1ல் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்த ஊரும் இதுதான்.

இதெல்லாம் பெரியவர்களின் வரலாறு. ஊரின் ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகள் சாயந்திரம் விளக்கு வைத்த பிறகு என்ன செய்தார்கள் என்பது பாடப் புத்தகத்தில் வராது. ஆனால் அதற்கும் வரலாறு உண்டு. அந்த வரலாற்றை இப்போது எல்லோரும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள்: "டிவி வந்து விளையாட்டு போச்சு, செல் வந்து மிச்சமும் போச்சு."

அவ்வளவு நேர்க்கோட்டில் நடந்த கதை அல்ல இது. ஒவ்வொரு கருவியும் வந்தபோது வேறு வேறு ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டது. சிலது கொஞ்சம் கொடுக்கவும் செய்தது. பிள்ளைகள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று மட்டும் கேட்டால் இது பிடிபடாது. எந்த நேரத்தில் பார்க்கிறார்கள், யாரோடு பார்க்கிறார்கள் என்று கேட்டால் ஓரளவு பிடிபடும்.

தேவநேயப் பாவாணர் 1954ல் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்று ஒரு புத்தகம் எழுதினார். சொல்லாராய்ச்சிக்காகவே பாவாணரை அறிந்தவர்களுக்கு அவர் கில்லி, கோலி, பல்லாங்குழி பற்றியெல்லாம் உட்கார்ந்து எழுதியிருப்பது ஆச்சரியமாக இருக்கும். அதில் அவர் விளையாட்டுகளைப் பிரித்திருக்கும் விதம் முக்கியமானது. ஆண் பிள்ளைகள் ஆடுவது, பெண் பிள்ளைகள் ஆடுவது, இருவரும் ஆடுவது என்பது ஒரு பிரிவு. அதற்குள் பகலாட்டு, இரவாட்டு என்று இன்னொரு பிரிவு. அதாவது இரவில் ஆடுவதற்கென்றே தனியாக விளையாட்டுகள் இருந்தன, அவற்றுக்குத் தனித் தலைப்பே கொடுக்கும் அளவுக்கு!

மின்விளக்கு இல்லாத தெருவில் நிலாதான் விளக்கு. நிலா வெளிச்சத்தில் நிற்பவனைத் தொடலாம், நிழலுக்குள் ஓடிவிட்டவனைத் தொடக்கூடாது என்று ஆடும் ஆட்டத்தை யோசித்துப் பாருங்கள். அதற்கு மைதானம் வேண்டாம், பந்து வேண்டாம், காசு வேண்டாம். இரண்டு வீட்டுக் கூரை நிழலும், வளர்பிறை நாட்களும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பெரியவர்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும் ஒரு மணி நேரமும் போதும். கடைசியில் சொன்ன அந்த ஒரு மணி நேரத்தைத்தான் பின்னால் வந்தவை ஒவ்வொன்றாகக் குறிவைத்தன.

(எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த நேரம் வாய்த்தது என்றும் சொல்ல முடியாது. திருத்தணியைச் சுற்றியுள்ள பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் எல்லாம் நெசவு ஊர்கள். தறி உள்ள வீட்டில் பிள்ளைக்குத் தார் சுற்றும் வேலை இருக்கும். பெண் பிள்ளை என்றால் தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் ஆட்டமே. "அந்தக் காலத்தில் பிள்ளைகள் ஓடியாடி விளையாடினார்கள்" என்பவர்கள் பெரும்பாலும் பையன்களைத்தான் நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள்.)

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. சிறுவர் நிகழ்ச்சி நடத்தியவரைப் பிள்ளைகள் 'வானொலி அண்ணா' என்றே அறிந்தார்கள். வானொலி விளையாட்டைப் பெரிதாகத் தொடவில்லை. காரணம் எளிது. அதற்குக் காது மட்டும் போதும், கண்ணும் கையும் சும்மா இருக்கும். ஐந்தாங்கல் ஆடிக்கொண்டே கதை கேட்கலாம். தாயம் உருட்டிக்கொண்டே பாட்டுக் கேட்கலாம்.

1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் சென்னையிலிருந்து ஒரு சிறுவர் பத்திரிகையைத் தொடங்கினார்கள். தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா'. இரண்டு பெயருக்கும் பொருள் நிலாதான். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாக, அல்லது நேர்மாறாக, வளரும் பிள்ளைகள் நிறைந்த திருத்தணி போன்ற எல்லை ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பத்திரிகை கிடையாது. ஒரே விக்கிரமாதித்தன், ஒரே வேதாளம், ஒரே படங்கள், இரண்டு எழுத்துகள். 1972ல் கோகுலமும் முத்து காமிக்ஸும் வந்தன. ஆனால் இவையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான். அதற்கும் கீழே உள்ள வயதுப் பிள்ளை யாராவது படித்துக் காட்டினால்தான் கேட்க முடியும். இன்றைய திரைகளுக்கும் அன்றைய பத்திரிகைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. படிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கதை வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தே ஆக வேண்டும்.

தொலைக்காட்சிக்கு வருவோம். 1975ம் வருடம் இந்தப் பகுதிக்கு ஒரு வினோதமான வருடம். ஆகஸ்ட் 1ல் 'சைட்' என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனை தொடங்கியது. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்கு ஒரு வருடம் நிகழ்ச்சிகள் போயின. காலையில் 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கென்றே இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமான நிகழ்ச்சி. ஆறில் ஒன்று ஆந்திரம், ஆனால் தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு அதே மாதம் 15ம் தேதி சென்னைத் தூர்தர்ஷன் வந்தது. அங்கே பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் பொதுப் பெட்டி. இங்கே வசதி உள்ளவர் வீட்டில் இருக்கும் சொந்தப் பெட்டி.

சொந்தப் பெட்டி என்றாலும் ஆரம்பத்தில் அது தெருவின் பெட்டியாகத்தான் இருந்தது. சென்னையிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஊரில், மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே ஒருவர் "தெரியுது... தெரியுது... ஐயோ போச்சு" என்று கத்த, கூடத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்க, அதுவே ஒரு விளையாட்டு மாதிரிதான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் படம். மற்ற நேரம் பெட்டி சும்மா கிடக்கும், சிலர் அதற்குத் துணி போட்டு மூடிக்கூட வைப்பார்கள்.

1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை ஞாயிறு காலையில் ராமாயணம் வந்தது. இந்தி தெரியாத ஊர்களிலும் தெரு காலியானது. ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் என்ன நடந்தது? துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சி வில்லாகவும் அம்பாகவும் ஆனது. மகாபாரதத்துக்கும் அதே கதை. 1997ல் 'சக்திமான்' வந்தபோது கையைத் தூக்கிக்கொண்டு சுழலாத பிள்ளை குறைவு. திரை அங்கே விளையாட்டுக்குச் சரக்குக் கொடுத்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் பார், மிச்ச ஆறு நாளும் அதை ஆடு என்பதுதான் அன்றைய கணக்கு.

இங்கிலாந்தில் ஹில்டே ஹிம்மல்வைட் என்ற ஆய்வாளர் தலைமையில் நடந்த பெரிய ஆய்வு 1958ல் வெளிவந்தது. தொலைக்காட்சி உள்ள வீட்டுப் பிள்ளைகளையும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். தொலைக்காட்சி முதலில் விழுங்கியது விளையாட்டை அல்ல, தன்னைப் போன்ற மற்றவற்றையே என்று தெரிந்தது. வானொலி, சினிமா, காமிக்ஸ் குறைந்தன. புத்தகம் படிப்பது முதலில் குறைந்து பிறகு மீண்டும் ஏறியது. ஒழுங்குபடுத்திய பொழுதுபோக்குகள் ஓரளவு தப்பித்தன. அடிபட்டது, எதற்கென்று இல்லாமல் சும்மா கழியும் நேரம்.

இந்தச் 'சும்மா நேரம்' என்பது பெரியவர்களுக்குத்தான் சும்மா. நம்மூரில் இரவாட்டு நடந்தது அந்தச் சும்மா நேரத்தில்தான். கில்லியும் பம்பரமும் பகலில் பிழைத்துக்கொண்டன, ஏனென்றால் பகலில் தூர்தர்ஷன் பெரும்பாலும் கிடையாது. கிரிக்கெட் வேறு வந்து கில்லியின் இடத்தைப் பிடித்தது, அதற்கும் தொலைக்காட்சிக்கும் சம்பந்தம் உண்டு என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஆனால் சாயந்திரம் ஏழு மணி ஆட்டம் சத்தமில்லாமல் கரைந்தது. தெருவிளக்கு, டியூஷன், தொலைக்காட்சி மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது. தொலைக்காட்சியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. தெருவிளக்கின் கீழ் நிலா நிழலுக்கு ஏது மதிப்பு!

கனடாவில் மலைப் பள்ளத்தாக்கில் இருந்ததால் 1973 வரை தொலைக்காட்சி அலை எட்டாத ஒரு சிற்றூர் இருந்தது. ஆய்வாளர்கள் அதற்கு 'நோட்டெல்' என்று புனைபெயர் வைத்தார்கள். தொலைக்காட்சி வருவதற்கு முன்பும், வந்து இரண்டு வருடம் கழித்தும் போய்ப் பார்த்தார்கள். ஊர் நிகழ்ச்சிகளிலும் விளையாட்டுகளிலும் கலந்துகொள்வது குறைந்திருந்தது. டானிஸ் வில்லியம்ஸ் தொகுத்த அந்த ஆய்வு 1986ல் புத்தகமானது. நோட்டெல்லில் 'முன்பு', 'பின்பு' என்று கோடு போட முடிந்தது. நம் ஊர்களில் அப்படிப் போட முடியாது, இங்கே தொலைக்காட்சி வீடு வீடாக, இருபது முப்பது வருடத்தில் நுழைந்தது.

கோடு போட வேண்டுமென்றால் 2006ல் போடலாம். அந்த வருடச் சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதி கொடுத்து ஆட்சிக்கு வந்தது. செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் திட்டம் தொடங்கியது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. இதை ஓட்டுக் கணக்காக மட்டுமே பேசிப் பேசி, பிள்ளைகள் வாழ்க்கையில் அது செய்த மாற்றத்தைப் பேசாமல் விட்டுவிட்டோம். பெட்டி எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது என்றால், பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து பிள்ளைகள் கூடிய கூடம் கலைந்தது. தொலைக்காட்சி அதுவரை நேரத்தைத்தான் எடுத்திருந்தது. இப்போது கூட்டத்தையும் எடுத்துக்கொண்டது. அதே சமயம், மேல்வீட்டுக் கூடத்தில் வாசலோடு நிறுத்தப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. அவர்களுக்கு அந்த 14 அங்குலப் பெட்டி மரியாதை.

2007ல் சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கியது. தமிழில் 24 மணி நேரமும் பிள்ளைகளுக்கு மட்டும். 2009ல் தெலுங்கில் குஷி டிவி. எல்லை ஊர்ப் பிள்ளைக்கு மறுபடியும் இரண்டு மொழியிலும் சரக்கு, அம்புலிமாமாவும் சந்தமாமாவும் போல. ஆனால் அது மாதம் ஒரு முறை, இது நாள் முழுவதும். 2011ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது. கார்ட்டூனுக்கு 'நேரம்' என்று ஒன்று இல்லாமல் போன பிறகு, 'பார்த்துவிட்டு ஆடு' என்ற பழைய கணக்கும் குழம்பியது. எப்போது ஆடுவது? நிகழ்ச்சிதான் முடிவதே இல்லையே.

கேபிளைத் திட்டிக்கொண்டே போவதும் சரியல்ல. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2009ல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களின் கிராமங்களைப் பார்த்தது. கேபிள் வந்த கிராமங்களில் ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற விருப்பம் குறைந்தது, மனைவியை அடிப்பதை ஏற்கும் மனப்பான்மை குறைந்தது, சிறு பிள்ளைகள் பள்ளியில் சேர்வது கூடியதற்கும் அறிகுறி இருந்தது என்று சொன்னது. தார் சுற்றிக்கொண்டிருந்த பெண் பிள்ளையை மனதில் வைத்துப் பார்த்தால் இது சாதாரண விஷயம் இல்லை. நிலா ஆட்டம் போனதற்கு வருத்தப்படும்போது இதையும் தராசின் இன்னொரு தட்டில் வைக்கத்தான் வேண்டும்.

2011 செப்டம்பர் 15ல் இலவச மடிக்கணினித் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கி வைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்தில், காக்களூரில். பிளஸ் டூ மாணவர்களுக்கான கருவி அது. ஆனால் வீட்டுக்குள் வந்த எந்தக் கருவி அண்ணனோடு நின்றிருக்கிறது? படம் ஏற்றிய பென் டிரைவை அண்ணன் சொருகினால் தம்பி தங்கைகள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அதாவது இதுவும் கூட்டுத் திரைதான், கொஞ்சம் சின்னது.

உண்மையான திருப்பம் 2016 செப்டம்பர் 5. ஜியோ சேவை தொடங்கிய நாள். ஆசிரியர் தினம், ராதாகிருஷ்ணன் பிறந்த நாள்! திருத்தணிக்காரருக்கு இப்படி ஒரு பிறந்தநாள் பரிசு. இலவச டேட்டா வந்ததும் செல்போன் என்பது பேசும் கருவியிலிருந்து பார்க்கும் கருவியாக மாறியது. அசர் ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புறத்தில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவை 2018ல் 36.5 சதவீதம். 2021ல் 67.6 சதவீதம்.

பிள்ளைகள் பார்ப்பதற்கும் பஞ்சமில்லை. 2013ல் சென்னையில் தொடங்கிய 'சுசு டிவி' யூடியூபில் உலகம் முழுவதும் மழலையர் பார்க்கும் சேனல்களில் ஒன்றாக வளர்ந்தது. திருத்தணியிலிருந்து ரயிலேறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய நகரத்தில் செய்த பாட்டை அமெரிக்கப் பிள்ளையும் பார்க்கிறது. பெருமைதான். ஆனால் இந்தத் திரை முந்தைய எதையும் போல இல்லை. இதற்கு நேரம் கிடையாது, கூடம் கிடையாது. எழுத்துத் தெரிய வேண்டாம், படித்துக் காட்ட ஆளும் வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளையின் கைக்கு அடங்கும். சோறு ஊட்டும்போது இதைத்தான் காட்டுகிறார்கள். நிலாவைக் காட்டிச் சோறூட்டிய வழக்கத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்தது இதுதான். உலக சுகாதார நிறுவனம் 2019ல், ஒரு வயது வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றது.

அடுத்த வருடமே கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் திறந்தது 2021 நவம்பர் 1. பத்தொன்பது மாதம். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த திரையையே பாடத்துக்காகக் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று. 2019ல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அப்போதுதான் வீட்டுக்கு வீடு தெரிந்தது. ஆடிக்கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் காவடி வரும் திருத்தணி மலையும் பக்தர்கள் இல்லாமல் இருந்தது. பிள்ளைகளுக்கு ஆடிக்கிருத்திகை என்றால் ஊதல், ராட்டினம், சரவணப் பொய்கையில் தெப்பம் பார்க்க அப்பா தோளில் ஏறுவது. எந்தத் திரையாலும் அதுவரை அசைக்க முடியாத ஒரே பொழுதுபோக்கு அது.

பிரச்சினை பாடம் போனது மட்டும் அல்ல. இங்கிலாந்தில் அயோனா, பீட்டர் ஓப்பி தம்பதியர் பிள்ளைகளின் விளையாட்டையும் பாட்டையும் வருடக்கணக்காகச் சேகரித்து 1959ல் புத்தகமாக்கினார்கள். சினிமாவும் தொலைக்காட்சியும் பிள்ளைகளின் மரபை அழித்துவிட்டன என்று பெரியவர்கள் புலம்பிய காலத்தில், இல்லை, அது உயிரோடுதான் இருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை அவ்வளவுதான் என்று காட்டினார்கள். விளையாட்டு பெரியவர்கள் வழியாகப் போவதில்லை. பத்து வயதுப் பிள்ளையிடமிருந்து ஆறு வயதுப் பிள்ளைக்குப் போகிறது. நொண்டிக்கு எப்படிக் கட்டம் போடுவது, பல்லாங்குழியில் எந்தக் குழியில் நிறுத்துவது, யார் பட்டவன் என்று எப்படித் தீர்ப்பது, இதையெல்லாம் ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததே இல்லை. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியின் நீளம் நாலைந்து வருடம்தான். தொலைக்காட்சி அந்தச் சங்கிலியை மெலியச் செய்ததே தவிர அறுக்கவில்லை, ஏனென்றால் பள்ளிக்கூட மைதானம் இருந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் இருந்தது. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டிய பிள்ளை மைதானத்தில் கால் வைத்தபோது ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழிந்திருந்தது. அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அந்த ஒன்றரை வருடம் வீட்டில்தான் இருந்தது.

2021 அக்டோபர் 27ல் மரக்காணத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. விட்டுப்போன படிப்பைப் பிடிக்கத்தான் அந்தத் திட்டம். தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் தெருவிலேயே திண்ணையிலோ மரத்தடியிலோ பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஆட்டம், பாட்டு, கதையோடு சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே பாயில் உட்கார்ந்தன. வகுப்பு நேரம் மாலை 5 மணி முதல் 7 மணி வரை. பாவாணர் பிரிவில் பகலாட்டு முடிந்து இரவாட்டு தொடங்கும் நேரம்.